கிடைத்தன என்று சொன்ன பக்கம்

அந்தப் புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். நான் பொய் சொன்ன நாளில் நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில் நின்றேன். இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றவற்றை எழுதப்போனால் கை பின்வாங்கும்.

இணையப் பக்கம் அமைக்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான கைந்நூல் அது. பதினான்கு அத்தியாயங்கள். திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அருகே, கொப்பிகளும் பழைய வினாத்தாள் தொகுப்புகளும் விற்கும் கடை ஒன்றின் கீழ்த்தட்டில் கிடந்தது. அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம், கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மாத்திரைகள் இருந்தன. ஊருக்குள் திரிந்து காலையில் எங்கள் ஒழுங்கையால் போகும் மான்கள் இருந்தன. ஆனால் எண்ணியதை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது. அது எனக்கு ஒரு நோய் போலவே இருந்தது.

மகள் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற லப்டொப் அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் காட்ட வேண்டிய எதையும் ஒரு குறியால் திறந்து இன்னொரு குறியால் மூட வேண்டும் என்பது இரண்டாம் அத்தியாயம். என்னை நினைத்தே எழுதியது போல இருந்தது. திறந்தவை நாற்பத்தாறு, மூடியவை நாற்பத்தைந்து. விட்டுப்போன அந்த ஒன்றைத் தேடி ஒரு முழுக் காலையும் இருந்தேன். கண்டுபிடித்தபோது, தொலைந்த மூட்டையைக் களஞ்சியத்தின் மூலையில் கண்ட நாட்களின் மகிழ்ச்சி வந்தது.

“இஞ்சருங்கோ, உந்தப் பெட்டிக்குள்ள என்னத்தை எண்ணுறீங்கள்?” என்று மனைவி குசினியில் இருந்து கேட்டாள்.

மூன்று கிழமையில் முதலாவது பக்கத்தை முடித்து அவளுக்குக் காட்டினேன். அவளுடைய மாத்திரைகளின் அட்டவணை. காலை, மத்தியானம், இரவு என்று மூன்று நிரல், நீலக் கோடுகள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“வடிவாத்தான் இருக்கு. இதை ஒரு கடதாசியில எழுதி அலுமாரிக் கதவில ஒட்டியிருந்தால் மூண்டு கிழமை மிச்சம்.”

வாசித்து விளங்கிய ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போடுவது என் வழக்கம். விளங்காத பந்திக்குக் கேள்விக்குறி. எட்டாம் அத்தியாயம் வரும்வரை கேள்விக்குறிகள் ஒன்பதுதான். அதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

புரட்டாதியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபைக் கூட்டம் நடந்தது. சுவாமியார் ஆத்துமாக்கள் திருநாளைப் பற்றிப் பேசினார். கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே பூசை நடக்கும். பங்கு மக்களின் இறந்தவர்கள் எல்லோருடைய பெயர்களும் அங்கே வாசிக்கப்படும். எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டின் இறந்தவர்களுடைய பெயர்களை அந்த வீட்டின் மூத்த பிள்ளைதான் கொடுக்க வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் மூத்தவர் உயிரோடு இருக்க இளையவர் கொடுத்துவிட்டால் அது வருடக்கணக்கான கதையாகிவிடும். இப்போது மூத்த பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். முந்தின வருடம் பெயர்கள் வட்ஸ்அப்பிலும் துண்டுக் கடதாசியிலும் வந்து, சில தவறிப்போயிருந்தன.

“கோயிலுக்கு ஒரு இணையப் பக்கம் இருந்தால் வெளியில இருக்கிற ஆக்கள் அதிலயே பெயரைப் போடலாம்” என்றார் சுவாமியார்.

“நான் செய்து தாறன் சுவாமி” என்றேன்.

பதினொரு பேர் இருந்தோம். மற்றப் பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், “லப்டொப்பைத் திறக்கத் தெரியுமோ காணும் உமக்கு?” என்று கேட்டார்.

“திறந்ததை மூடவும் தெரியும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கமாக நின்று சிரித்த சிரிப்பு அது. எழுபத்தொரு வயதில் அது எவ்வளவு இனிக்கும் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

எட்டாம் அத்தியாயம் படிவங்களைப் பற்றியது. பெயர் எழுதப் பெட்டி, ஊர் எழுதப் பெட்டி, கீழே ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் ஒரு செய்தி தோன்றும். அதற்கு வேண்டிய வரிகளைப் புத்தகமே தந்திருந்தது. புத்தகத்தில் வெறும் ‘நன்றி’ என்றுதான் இருந்தது. நான் அதை வளர்த்தேன். ‘நன்றி. உங்கள் அன்புக்குரியவர்களின் பெயர்கள் கிடைத்தன. சேமக்காலைப் பூசையில் அவர்கள் நினைவுகூரப்படுவார்கள்.’ இந்த ஒன்பது சொற்களை ஒழுங்குபடுத்த இரண்டு நாள் எடுத்தேன். பிறகு பொத்தானின் நிறத்தைப் பதினேழு தடவை மாற்றினேன்.

பக்கத்தை இணையத்தில் ஏற்ற எனக்குத் தெரியாது. பஸ் நிலையப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவர் கிண்ணியாக்காரர். கணினி வேலைகளும் செய்வார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினார். என் ஒன்பது சொற்களும் வந்தன.

“நல்லா இருக்கு சேர்” என்றார். இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். “சரி, இதை அமத்தினா அந்தப் பேர் எங்க போய்ச் சேருது?”

“அது பதினோராம் அத்தியாயம்.”

“அப்ப பதினோராம் அத்தியாயத்தை முடிச்சிட்டு வாங்களேன், ஏத்துவம்.”

“இல்லைத் தம்பி, சுவாமியார் ஞாயிற்றுக்கிழமை அறிவிக்கப்போறார். இப்ப ஏத்துங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஏற்றினார். பக்கத்தின் அடியில், எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று காட்டும் ஒரு எண்ணியையும் வைத்துத் தந்தார். அதை மட்டும் நான் கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் வந்தது. “இந்த வருடம் வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயர்களை இந்தப் பக்கத்தின் வழியாக மட்டும் அனுப்பவும்” என்றார் சுவாமியார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டினார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒன்பது பேர் கைகுலுக்கினார்கள். அன்றிலிருந்து புத்தகத்தை நான் திறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் எண்ணியைப் பார்த்தேன். பன்னிரண்டு, இருபத்தேழு, நாற்பத்தொன்று. எண்ணிக்கை ஏறினால் வேலை நடக்கிறது என்று நினைக்கும் பழக்கம் துறைமுகத்தில் இருந்து வந்தது.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருந்தாள். தையல் வேலை செய்வாள். கிழமையில் இரண்டு நாள் பங்குப் பணிமனையில் எழுத்து வேலையும் பார்ப்பாள். அவளுடைய தாய் அந்த வருடம் ஆனியில் இறந்திருந்தார். இடியப்பம் அவித்து வீடுகளுக்குக் கொடுத்தவர். இருபது சொன்னால் எப்போதும் இருபத்தொன்று இருக்கும். ஒருநாள் அதைச் சுட்டிக்காட்டினேன். “எண்ணுறதை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ” என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரு அக்கா. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. தாயின் அடக்கத்துக்கு அக்காவால் வர முடியவில்லை. அந்த வீட்டார் விடவில்லை. தங்கை ஆத்திரத்தில் ஏதோ சொல்லிவிட, இருவரும் கதைப்பது குறைந்துவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் அக்கா சொல்லியிருந்தாள்: அம்மாவின் பெயரைத் தான் கொடுப்பதாக. இதை என் மனைவி வழியாக நான் முன்பே அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை.

கார்த்திகை முதலாம் திகதி காலையில், மழைக்குள் குடையோடு அந்தப் பெண் எங்கள் படலையடிக்கு வந்தாள்.

“அங்கிள், இன்ரர்நெற்றில வந்த பெயருகளைத் தந்தீங்கள் எண்டால் இண்டைக்கே ரைப் பண்ணி முடிச்சிடுவன்.”

“பின்னேரம் சொல்லுறன் பிள்ளை.”

மேசையில் போய் இருந்தேன். பக்கத்தின் எண்ணி தொண்ணூற்றாறு காட்டியது. அதில் நான் திறந்தது முப்பத்தொன்று, மனைவி இரண்டு, போட்டோக்கொப்பிக்காரர் ஒன்று. மிச்சம் அறுபத்திரண்டு. பெயர்களைத் தேடினேன். லப்டொப்பில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் திறந்தேன். மின்னஞ்சலைப் பார்த்தேன். கடைசியில் புத்தகத்தைத் திறந்தேன். நூற்று எழுபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது: ‘இந்தச் செய்தி திரையில் காட்டுவதற்கு மட்டுமே. பயனர் எழுதிய விவரங்கள் இப்போதைக்கு எங்கும் அனுப்பப்படுவதும் இல்லை, சேமிக்கப்படுவதும் இல்லை. அதைப் பதினோராம் அத்தியாயத்தில் காண்போம்.’ அந்தப் பந்திக்குப் பக்கத்தில் என் பென்சில் சரி இருந்தது. கேள்விக்குறி இல்லை. வாசித்திருக்கிறேன், விளங்கியிருக்கிறேன்.

உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால் போதும். ஒரு முழுநாள் இருந்தது. சுவாமியார் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டிருந்தால் அறுபத்திரண்டு பேரில் பாதிப்பேராவது திரும்ப அனுப்பியிருப்பார்கள். நான் அதை நினைத்தேன். கூடவே அந்தக் கைதட்டலையும் நினைத்தேன். ஆசிரியர் எப்படிச் சிரிப்பார் என்பதையும் நினைத்தேன். பின்னேரம் நாலு மணிக்குப் போனை எடுத்தேன்.

“ஒருத்தரும் அனுப்பேல்லப் பிள்ளை.”

“ஒருத்தருமோ அங்கிள்?”

“ஓம்.”

போனுக்குள் மழைச் சத்தம் இரைந்தது. “அக்காவுமோ?”

“அவவும் இல்லை.” அத்தோடு நிறுத்தவில்லை. “வேலை கூடவெல்லே. மறந்திருப்பா” என்றும் சொன்னேன்.

கேட்காத காரணத்தை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பொய்யைத் தனியே நிற்கவிடப் பயமாக இருந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு முட்டுக் கொடுத்தேன். அந்த முட்டுக்கோலைத்தான் ஒரு மகளின் நெஞ்சில் ஊன்றினேன்.

போனை வைத்தபோது மனைவி குசினி வாசலில் நின்றாள்.

“ஒருத்தரும் அனுப்பேல்லையோ? நான் என்ர அப்பா அம்மான்ர பெயரை அதிலதானே போட்டனான். ரெண்டு தரம் அமத்தினனான்.”

மனைவி தன் வீட்டுக்கு மூத்தவள். அதை நான் நினைக்கவே இல்லை. “அதை நான் கையால எழுதிக் குடுக்கிறன்” என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடமாக என்னோடு இருப்பவளுக்கு, எப்போது கேட்கக்கூடாது என்று தெரியும்.

ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு பெயர்களை எழுதினேன். குடையை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனேன். அந்தப் பெண் அங்கே தனியே இருந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். “இதையும் சேருங்கோ பிள்ளை, மனிசியின்ர தாய் தகப்பன்” என்று கடதாசியை நீட்டினேன். பட்டியலின் அடியில் நூற்று எண்பத்தாறு, நூற்று எண்பத்தேழு என்று அவள் அவற்றைச் சேர்த்தாள். சொல்வதற்கு அது இரண்டாவது சந்தர்ப்பம். “மழை விடாது போல” என்றுதான் சொன்னேன். “அம்மான்ர பெயரை நானே போடட்டோ எண்டு யோசிச்சனான் அங்கிள்” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. “பிறகு விட்டிட்டன். தான் குடுப்பன் எண்டு அவ வாயால சொன்னது. நான் போட்டால், தன்னைத் தள்ளிவைச்சதா நினைப்பா.” நான் தலையாட்டினேன்.

மறுநாள் சேமக்காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மெழுகுதிரிகள் அணையாமல் இருக்க வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல்களைக் கவிழ்த்திருந்தார்கள். யாரோ ஒருவர் குடைக்குக் கீழே போனைப் பிடித்து நேரலை அனுப்பிக்கொண்டிருந்தார். சுவாமியார் பெயர்களை வாசித்தார். நான் விரல் மடித்து எண்ணினேன். நூற்று எண்பத்து மூன்று, நூற்று எண்பத்து நாலு. அந்தப் பெண் தாயின் கல்லறையடியில் நின்றாள். பட்டியலைத் தன் கையாலேயே அடித்தவள். அதில் தாயின் பெயர் இல்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்தினாள். கடைசி இரண்டு பெயர்கள் என் மனைவியின் தாயும் தகப்பனும். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். சுவாமியார் தாளை மடித்தார்.

நாலு நாள் கழித்து மனைவி சொன்னாள், அக்காவும் தங்கையும் கதைப்பதை விட்டுவிட்டார்கள் என்று. அம்மாவின் பெயரைத் தங்கை வேண்டுமென்றே வெட்டிவிட்டாள் என்கிறாளாம் அக்கா. பெற்ற தாயை மறந்துவிட்டு இப்போது அனுப்பினேன் என்று பொய் சொல்கிறாள் என்கிறாளாம் தங்கை. இரண்டு பேருக்கும் அந்தத் தாயை விட்டால் வேறு ஒருவரும் இல்லை. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மிஞ்சியிருந்தது இந்த ஒரு தொடர்புதான்.

அன்று மத்தியானம் தங்கை போனோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்கா அனுப்பிய படத்தைக் காட்டினாள். நான் நிறம் தேடித்தேடிப் போட்ட பொத்தான். அதன் மேல் என் சொற்கள்: உங்கள் அன்புக்குரியவர்களின் பெயர்கள் கிடைத்தன.

“இது என்ன அங்கிள்?”

“இணைப்பில ஏதும் கோளாறா இருக்கும் பிள்ளை.”

“கோளாறு எண்டால் கிடைச்சது எண்டு எப்பிடி வரும்?”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்:

“அக்கா பொய் சொல்லேல்ல. படம் இருக்கு. நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்கள். அப்ப நான்தான் எங்கயோ விட்டிட்டன். நீங்கள் போனில சொன்னதை மழைச் சத்தத்துக்குள்ள பிழையாக் கேட்டிருப்பன். என்ர பிழைதான் எண்டு அக்காவிட்டச் சொல்லிப்போட்டு மன்னிப்புக் கேக்கப்போறன். வேற வழி இல்லை.”

படலையைத் திறந்துகொண்டு போனாள். நான் அவளைப் போகவிட்டேன். எங்கள் படலையில் இருந்து அவள் வீட்டுக்கு எழுபத்தாறு காலடி. அவள் நடந்து முடிக்கும்வரை கதிரையில் இருந்தேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்பது தெரிந்தும் இருந்தேன். மனைவி வந்து என் முன்னால் புத்தகத்தை வைத்தாள். நூற்று எழுபத்தொன்பதாம் பக்கத்தில் விரலை விட்டு மூடியிருந்தாள். எப்போது வாசித்தாள் என்று நான் கேட்கவில்லை.

“எழும்புங்கோ” என்றாள்.

நான் போனபோது தையல் மெசினின் மேல் சாய்த்து வைத்த போனில் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. “நீ விட்டனியோ, வெட்டினனியோ, அதைச் சொல்லு முதல்!” தங்கை அழுதுகொண்டு “விட்டிட்டன் அக்கா, விட்டிட்டன்” என்றாள்.

“அவ விடேல்ல” என்றேன் வாசலில் நின்று. “நான்தான்.”

புத்தகத்தை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான் அழுத்தினால் சொல் மட்டும் வரும், பெயர் எங்கும் போகாது என்றேன். அதை வாசித்து விளங்கிச் சரி போட்டிருந்தேன் என்றேன். ஒருத்தரும் அனுப்பவில்லை என்று தெரிந்தே சொன்னேன் என்றேன். மனைவியின் தாய் தகப்பனை மட்டும் கையால் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்று நான் தாங்கிக்கொண்டவற்றில் அந்தப் பார்வைதான் பெரியது.

தங்கை போனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அங்கிள்” என்றாள் அக்கா. “அந்தப் பெயரை நான் பாத்ரூமுக்குள்ள நிண்டு அடிச்சனான். வெளியில போனைக் கண்டால் பறிச்சுப்போடுவினம். அவசரத்தில மூண்டு தரம் பிழைச்சது. கிடைச்சது எண்டு வந்தோடனதான் கதவைத் திறந்தனான். அடக்கத்துக்கும் வரேல்ல, முப்பத்தோராம் நாளுக்கும் வரேல்ல. அண்டைக்குத்தான் அம்மாவுக்கு ஏதோ செய்தன் எண்டு நினைச்சனான். அது இப்ப எங்க இருக்கு?”

“எங்கயும் இல்லைப் பிள்ளை.”

“நீங்கள் பிழை விட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. நான் மறந்திருப்பன் எண்டு சொன்னீங்களாமே.”

“ஓம். சொன்னனான்.”

“என்னத்தைக் கண்டு சொன்னீங்கள்?”

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமைப் பூசையில நீங்களே எழும்பிச் சொல்லவேணும். எங்கட தெருவில எல்லாரும் என்னைத்தான் கதைக்கினம். நான் லைவில பாப்பன்” என்றாள். பிறகு குரல் மாறியது. “தங்கச்சி, அழாத. உன்னைப் பேசினதுக்கு என்னைச் செருப்பால அடி.” தங்கை “வா, வந்தால் அடிக்கிறன்” என்றாள். அழுகைக்குள் சிரிப்பு வந்தது. நான் நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சுவாமியாரிடம் சொன்னபோது அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “பக்கத்தை எடுத்துவிடுங்கோ ஐயா. அந்த அம்மாவின்ர பெயரை நான் ஞாயிறு வாசிச்சுவிடுறன். நீங்கள் எழும்ப வேண்டாம், வயசுபோன நேரத்தில.” வழி திறந்திருந்தது. அதில் நுழைந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் நேரத்தில் எழுந்தேன். எழுதிக்கொண்டு போன தாளில் பத்து வரிகள். நாலாவது வரியோடு நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மற்ற ஆறையும் வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியரும் சிரிக்கவில்லை. பிறகு சுவாமியார் அந்தத் தாயின் பெயரை வாசித்தார். தங்கை போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

ஏச்சுக் கேட்கத் தயாராகத்தான் வெளியே வந்தேன். மாமரத்தின் கீழ் நின்றேன். ஏச ஒருவரும் வரவில்லை. கறுப்புச் சீலை கட்டிய ஒரு பெண் முதலில் வந்தாள். “நானும் பேத்தியைக் கொண்டு அதிலதான் போட்டனான். சுவாமி வாசிக்கேக்க மெழுகுதிரி அணைஞ்சுபோச்சு. அதைக் கொளுத்தப் பாத்ததிலதான் என்ர மனிசன்ர பெயர் தவறிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன்” என்றாள். “ஒரு கிழமையா என்னையே பேசிக்கொண்டிருந்தன்.” அவளுக்குப் பின்னால் இன்னொருவர், பிறகு இன்னொருவர். கடைசியாக ஆசிரியர் வந்தார். அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடம்; வெளியில் இருக்கும் மூத்த மகன் அந்தப் பக்கத்தில்தான் பெயரைப் போட்டிருந்தான்.

“காணும், நான் காதிலதான் பிழை எண்டு நினைச்சன்” என்றார் மெதுவாக. “டொக்டரிட்டயும் போனனான். காது நல்லாத்தான் இருக்காம்.”

சேமக்காலையில் நின்ற ஒவ்வொருவரும் தங்கள் காதையும் கவனத்தையும் சந்தேகித்திருக்கிறார்கள். என் பக்கத்தை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அது கிடைத்தன என்று சொல்லியிருந்தது.

தங்கை ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து என் கையில் தந்தாள். “எழுதுங்கோ அங்கிள்” என்றாள். கோயிலின் அரைச்சுவரில் கொப்பியை வைத்து எழுதினேன். ஏழு பேர், பத்தொன்பது பெயர்கள். அறுபத்திரண்டில் குவைத்தில் இருப்பவளையும் இந்த ஏழு பேரையும் கழித்தால் ஐம்பத்து நாலு. அவர்களில் எத்தனை பேர் வெறுமனே பார்த்துவிட்டுப் போனார்கள், எத்தனை பேர் ஏதோ ஒரு ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இனியும் தெரியவராது.

“பத்தொன்பது” என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கி, ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து, தானும் ஒரு தரம் எண்ணினாள்.